உத்தங்குடி வீட்டு அடுப்படி: கல், காடி, சிங்க், காற்று

8 ஜூன் 2025, காலை (வாசகர் ஒருவரின் கேள்வி)

மதுரையில் இப்போது கட்டுகிற வீடுகளில் கிச்சன் எல்லாம் பார்க்க அம்சமாக இருக்கிறது. ஆனால் அங்கே யாரும் சமைக்கிற மாதிரித் தெரியவில்லை. பின்னால் ஒர்க் ஏரியா என்று ஒன்று போட்டு, நிஜச் சமையல் அங்கேதான் நடக்கிறது. அப்படியென்றால் லட்சக்கணக்கில் செலவழித்து முன்னால் ஒன்று எதற்கு? அழகான அடுப்படியில் நம்ம ஊர்ச் சமையல் நடக்காது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

8 ஜூன் 2025, இரவு

நான் மறுக்கிறேன். பாதியைத்தான்.

அக்கா மகள் உத்தங்குடிப் பக்கம் வீடு கட்டிப் போன தையில் பால் காய்ச்சினாள். வரைபடம் போட்டுக் கொடுத்தது ஓர் இளம் ஆர்க்கிடெக்ட். வருகிறவர்கள் எல்லாரும் அந்த அடுப்படியைப் படம் எடுத்துக்கொண்டுதான் போகிறார்கள். நான் போகும்போதெல்லாம் அடுப்பு என் கையில்தான். இட்லி, கறிக்குழம்பு, விசேஷ நாளில் வடை எல்லாம் அந்த மேடையில் செய்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. படத்தில் இது தெரியாது. மேடைக் கல்லின் முன் விளிம்புக்கு அடியில் விரலை விட்டுத் தடவினால், அரை அங்குலம் உள்ளே தள்ளி, பென்சில் கனத்தில் ஒரு காடி, அதாவது கீறிவிட்ட மெல்லிய பள்ளம், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடுகிறது. அரிசி களையும்போது சிந்துகிற தண்ணீர் கல் விளிம்பின் வளைவில் (மோல்டிங்) வழிந்து, கல்லின் அடிப்பக்கமாகத் திரும்பி, அலமாரிக் கதவுக்குள் இறங்கப் பார்க்கும். காடி வந்ததும் அதைத் தாண்ட முடியாமல் சொட்டாகத் தரையில் விழுந்துவிடுகிறது. சன்ஷேடுக்கு அடியில் கொத்தனார் காடி விடுவதும் இதற்காகத்தான். என் வீட்டில் சிங்க்குக்குக் கீழே இருக்கிற கதவின் மேல் ஓரம் உப்பி நிற்கிறது. லேமினேட் பிரிந்து உள்ளே பலகை தெரிகிறது. அவள் வீட்டுக் கதவுகளில் ஒரு கறை கூட இல்லை.

கட்டப்போகிறவர்கள் கவனிக்க: கல்லைப் பொருத்துவதற்கு முன்பே அறுக்கிறவரிடம் சொல்லிவிட வேண்டும். பொருத்திய பிறகு அடியில் மெஷினை நுழைக்க இடம் இருக்காது.

9 ஜூன் 2025

இரண்டாவது, கால் இடம். நம்ம பழைய அடுப்படிகளில் மேடைக்குக் கீழே செங்கல் சுவர் நேராகத் தரைக்கு இறங்கும். ஒட்டி நின்றால் கால்விரல் இடிக்கும். அதனால் ஒரு சாண் தள்ளி நின்று, இடுப்பை வளைத்து முன்னால் சாய்ந்து காய் நறுக்குவோம். எங்கள் அம்மா தலைமுறையில் பாதிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மாடுலர் என்று வந்த ஆயத்த அலமாரிகளில் கீழே நாலு அங்குல உயரத்துக்கு உள்வாங்கி விட்டிருக்கிறார்கள் பாருங்கள், அது ஒன்றுக்காகவே அதை வரவேற்கலாம். கால் உள்ளே போகிறது, வயிறு மேடையைத் தொடுகிறது, முதுகு நேராக நிற்கிறது.

மூன்றாவது, அடுப்பின் உயரம். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு முழங்கை தரையிலிருந்து 38 அங்குலம் அளவில் இருக்கும். நறுக்குவதற்கு அதைவிட நாலு அங்குலம் தாழ, 34-ல் மேடை இருந்தால் சௌகரியம். ஆனால் அதே மேடையில் ஐந்து அங்குல ஸ்டவ்வை வைத்து, அதன்மேல் பன்னிரண்டு அங்குல இட்லிச் சட்டியை ஏற்றினால், வாய் 51 அங்குலத்துக்குப் போய்விடுகிறது. முகவாய் உயரத்தில் ஆவி முகத்தில் அடிக்க, கையைத் தூக்கிக்கொண்டுதான் தட்டை எடுக்க வேண்டும். இந்த வீட்டில் கல்லை வெட்டி, மேடையோடு மட்டமாக இருக்கிற ‘ஹாப்’ அடுப்பைப் பதித்திருக்கிறார்கள். நாலு அங்குலம் மிச்சம். கரண்டி பிடிக்கிற கைக்கு அந்த நாலு அங்குலம் பெரிய விஷயம்.

9 ஜூன் 2025, சற்று நேரம் கழித்து

ஹாப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. பால் பொங்கினால் ஸ்டவ்வைத் தூக்கி அடியில் துடைக்கலாம், பதித்த ஹாப்பைத் தூக்க முடியாது. பர்னரைச் சுற்றி வழிந்தது கண்ணாடியில் கருகி ஒட்டும், அன்றைக்கே சுரண்டியாக வேண்டும். ஆர்க்கிடெக்ட் என்னிடம் கேட்டிருந்தால் வேறு வழி சொல்லியிருப்பேன்: ஹாப் வேண்டாம், அடுப்பு வரும் இரண்டரை அடிக்கு மட்டும் மேடையை ஐந்து அங்குலம் தாழ்த்து, சாதாரண ஸ்டவ்வை அதில் வை. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் பெரியம்மா வீட்டில் கொத்தனார் அப்படித்தான் கட்டியிருந்தார்.

12 ஜூன் 2025

கல் என்ன கல் என்று கேட்டிருக்கிறார்கள். காஷ்மீர் ஒயிட். இது நம்ம மேலூர்ப் பக்கத்துக் கல்தான். வெள்ளைச் சாம்பல் தளத்தில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாகத் தெரிவது கார்னெட் என்கிற கனிமம். காலை வெயில் சாய்வாக விழும்போது அந்தப் புள்ளிகள் ஒயின் நிறத்தில் ஒளிரும். எந்த டிசைனரும் இப்படி ஒன்றைப் போட முடியாது.

குறை என்ன என்றால், வெளிர் கிரானைட் தண்ணீர் குடிக்கும். குழாய் அடியைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கருத்த வட்டம் ஒன்று காலையில் விழுந்து, மத்தியானம் வரை காயாமல் கிடக்கிறது. மஞ்சள் தூள் ஈரத்தோடு பட்டால் கறை. எண்ணெய் பட்டால் நிழல் மாதிரித் தங்கும். ஈரம் இறங்காமல் தடுக்கிற சீலர் பூசினால் குறையும், ஆனால் அதைத் திரும்பத் திரும்பப் பூச வேண்டும். கருப்புக் கல்லில் இந்தத் தொல்லை குறைவு. அதில் உப்புத் தண்ணீர் காய்ந்த வெள்ளைத் திட்டுதான் தெரியும், துடைத்தால் போய்விடும்.

என் யோசனை இப்படி: சிங்க் இருக்கிற பக்கம் கருப்பு, நறுக்குகிற பக்கம் வெளிர் கல். பருப்பில் கல் பொறுக்கவும், கீரையில் புழு பார்க்கவும் வெளிர் கல்தான் கண்ணுக்கு உதவும். இரண்டு நிறம் சேர்த்தால் அழகு கெடும் என்று அக்கா மகள் சொன்னாள். கெடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேலூர், கீழவளவுப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், பாதி அறுத்து நிறுத்திய குன்றுகள் எப்படி நிற்கின்றன என்று. 2012-ல் அப்போதைய மாவட்ட ஆட்சியர் உ. சகாயம் அரசுக்கு அனுப்பிய அறிக்கையில், முறைகேடான குவாரிகளால் ஏற்பட்ட இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டிருந்தார். அந்தக் கல்தான் நம்ம அடுப்படியில் கிடக்கிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை, வீணாக்காமல் போடுவோம் என்கிறேன். சிங்க்குக்கு வெட்டி எடுத்த துண்டை இந்த வீட்டில் தூக்கிப் போடாமல், ஜன்னல் அடிப்பலகையாகவும், ஊறுகாய் ஜாடி வைக்கிற சின்னத் தட்டாகவும் பதித்திருக்கிறார்கள். அந்தத் தட்டைப் பார்த்ததும் ஆர்க்கிடெக்ட் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

14 ஜூன் 2025

கம்பிக் கூடைகள். ‘கப் அண்ட் சாசர்’ கூடை என்று ஒன்று விலைப்பட்டியலில் தானாக வந்து சேர்ந்துவிடுகிறது. சாசரில் காபி குடிக்கிறவர் அந்த வீட்டில் யாரும் இல்லை. டம்ளரை அந்த வளையத்தில் செருகினால் சாய்கிறது, டவரா நிற்கவே மாட்டேன் என்கிறது. கம்பிக்கு நடுவில் கடுகும் கரண்டியும் விழும். பலகை அடித்தளம் உள்ள ஆழமான இழுப்பறை இரண்டு போதும்.

17 ஜூன் 2025

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். சிங்க்.

அது 304 தர ஸ்டீல். ஒற்றைத் தொட்டி, பத்து அங்குல ஆழம், மூலைகள் கூர்மையாக மடித்தது. படத்தில் பிரமாதமாக இருக்கிறது. சாமான் விளக்க வருகிற அக்காவிடம் “சிங்க் எப்படிக்கா இருக்கு?” என்று கேட்டேன். “நீங்க ஒருத்தகதான்மா கேட்டீக. இம்புட்டுப் பள்ளமா வச்சா இடுப்பு என்னத்துக்கு ஆகும்?” என்றார்.

34 அங்குல மேடையில் பத்து அங்குலம் இறங்கினால் தொட்டியின் அடி 24-ல் நிற்கிறது. ஒரு டம்ளரை எடுக்கவே கை முழுக்க உள்ளே போக வேண்டும். குக்கர், இட்லித் தட்டு, கறிச்சட்டி என்று ஒரு குவியலை முடிக்க முக்கால் மணி நேரம் குனிந்தே நிற்கிறார். கூர்மையான மூலையில் சாம்பார்ப் பிசுக்கு நிற்கிறது. அதை நகத்தால்தான் எடுக்கிறார், நானே பார்த்தேன். மூலை கொஞ்சம் வளைந்திருந்தால் ஸ்கிரப்பரே போதும்.

சமைக்கிறவளிடம் பத்துத் தடவை கலந்து பேசித்தான் இந்த அடுப்படியை வரைந்தார்கள். நிறம், கைப்பிடி, விளக்கு எல்லாம் கேட்டிருக்கிறார்கள். நல்லது. ஆனால் அதில் தினமும் வேலை செய்கிற இன்னொரு ஆளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகளும் கேட்கவில்லை. எனக்கு இந்த அடுப்படியில் மன்னிக்க முடியாத குறை இது ஒன்றுதான். இதுவரை சொன்ன மற்றதெல்லாம் ரசனை.

தொட்டி எட்டு அங்குல ஆழம் போதும், அகலத்தை வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாம். சிங்க் பக்கத்து மேடையை மட்டும் இரண்டு அங்குலம் உயர்த்தினால் இன்னும் நல்லது. அடுப்புப் பக்கம் தாழ வேண்டும், நறுக்குகிற பக்கம் நடுவில், கழுவுகிற பக்கம் உயர வேண்டும். ஒரே மட்டத்தில் நூல் பிடித்தது போல ஓடுகிற கல் கண்ணுக்கு இதம், முதுகுக்கு ஆகாது.

17 ஜூன் 2025, இரவு

குழாய் பற்றிக் கேட்டவருக்கு: ஒரே ஒரு கருப்புக் குழாய், அன்னம் கழுத்து மாதிரி வளைந்தது. மதுரையில் பெரும்பாலான வீட்டில் நல்ல தண்ணி ஒன்று, உப்புத் தண்ணி ஒன்று. விளக்குவதற்கு போர் தண்ணி, குழம்புக்கு கார்ப்பரேஷன் தண்ணி. ஒற்றைக் குழாய் வைத்தால் எல்லாவற்றுக்கும் எதை விடுவது? இங்கே போர் தண்ணியை விட்டிருக்கிறார்கள், குடி தண்ணி குடத்தில். கருப்புக் குழாயின் வாயில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொருக்கு இப்போதே கட்டிவிட்டது. எலுமிச்சை தேய்த்தால் கரையும், அழுத்தித் தேய்த்தால் கருப்பும் போகும். சாதாரணக் குரோம் குழாய் இரண்டு, பக்கத்துப் பக்கத்தில். அதுதான் நம்ம ஊருக்குச் சரி.

22 ஜூன் 2025

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கோபித்திருக்கிறார் ஒருவர். எழுதுகிறேன். ஜன்னல் போக, அடுப்புக்குப் பின்சுவர் முழுக்க ஆத்தங்குடிக் கல்தான். பச்சையும் மஞ்சளும், நடுவில் எட்டிதழ்ப் பூ. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றி, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துப் பதம் பண்ணுகிற கல். சூளை கிடையாது. அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வந்தது. கையால் ஊற்றியதால் ஒரு பூ போல் இன்னொரு பூ இருக்காது. ஓர் இதழ் சற்றுத் தடிக்கும், ஒரு கோடு சற்று நெளியும். சுவர் முழுக்க அப்படிப் பார்க்கும்போது மனசு நிறைகிறது.

ஆனாலும் அடுப்புக்குப் பின்னால் அது வேண்டாம். சிமெண்ட் கல்லுக்கு எண்ணெய் ஆகாது, புளிப்பு அதைவிட ஆகாது. தாளிக்கும்போது மஞ்சளும் எண்ணெயும் சேர்ந்து தெறிக்கிற இடம் அது. புளிக்கரைசல் ஒரு சொட்டு பட்டு நின்றால் பளபளப்பு அங்கே செத்துவிடும். ஏற்கெனவே கடாய்க்குப் பின்னால் நாலைந்து கல் மங்கலாகத் தெரிகிறது. அந்த மேடைக் கல்லிலேயே இரண்டடி உயரத்துக்குப் பின்சுவரில் ஏற்றிவிட்டு, அதற்கு மேலேயும் சாப்பாட்டு மேசைப் பக்கத்துச் சுவரிலும் ஆத்தங்குடியைப் போடலாம். எல்லாவற்றையும்விட அதற்குரிய இடம் தரைதான். மிதிக்க மிதிக்க மெருகு ஏறுகிற கல்லைச் சுவரில் ஏற்றி என்ன செய்ய?

23 ஜூன் 2025

ஒருவர் சுவர் முழுக்கச் செட்டிநாட்டுப் பூச்சு பூசலாமே என்கிறார். திண்ணைக்கும் கூடத்துக்கும் ஆகும். அது சுண்ணாம்புப் பூச்சு, எண்ணெயும் புளிப்பும் அதற்கும் ஆகாது, அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம்.

29 ஜூன் 2025

சிலிண்டர். இதில் நான் கண்டிப்பாகப் பேசப்போகிறேன்.

14.2 கிலோ சிலிண்டர் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று மேடைக்குக் கீழே கதவு போட்டு மூடியிருக்கிறார்கள். இந்த வீட்டில் மட்டும் இல்லை, நான் பார்க்கிற புது அடுப்படி எல்லாவற்றிலும் இதே கதைதான். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். மூடிய பெட்டிக்குள் கசிந்தால் அங்கேயே நிறையும், வாசனையும் நமக்குத் தாமதமாகத்தான் தெரியும். மேல் ஜன்னல் திறந்திருக்கிறது என்பதால் எந்தப் பிரயோஜனமும் கிடையாது.

ஒன்று, சிலிண்டரை வெளிச்சுவருக்கு அந்தப் பக்கம், நிழலில் வைத்துக் குழாயில் கொண்டுவாருங்கள். இல்லை, உள்ளேதான் என்றால் கதவின் அடியில், தரையை ஒட்டி, ஓட்டை விட்ட பலகை போடுங்கள். அழகான ஜாலி வேலைப்பாடே செய்யலாம், ஆசாரிக்கு அது அரை நாள் வேலை. ரப்பர் டியூப் பலகைக்குப் பின்னால் மறைந்து ஓடக் கூடாது. அஞ்சு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய பொருள், கண்ணுக்கும் கைக்கும் எட்ட வேண்டும்.

மகளிடம் சொன்னதும் மருமகன் அன்றைக்கே கதவைக் கழற்றி வைத்துவிட்டார். இப்போது திரைச்சீலை தொங்குகிறது. ஜாலிக் கதவு வரும்வரை அது கிடக்கட்டும்.

6 ஜூலை 2025

“இந்த மாடுலரே வெள்ளைக்காரன் சமாச்சாரம், நம்ம கைக்கு ஒத்துவராது” என்று எழுதியிருப்பவருக்கு. மூலத்தைக் கொஞ்சம் பாருங்கள். 1926-ல் வியன்னாவைச் சேர்ந்த மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் ஆர்க்கிடெக்ட், பிராங்க்பர்ட் நகரில் கட்டிய தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஓர் அடுப்படியை வரைந்தார். 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம், அவ்வளவுதான். ஏறக்குறைய பத்தாயிரம் வீடுகளில் அதை வைத்தார்கள். அதில் உட்கார்ந்து நறுக்க ஒரு சுழல் முக்காலி இருந்தது. நறுக்குகிற மேசையிலேயே கழிவைத் தள்ளிவிட ஓர் இழுப்பறை. மாவுக்கு ஓக் மரப் பெட்டி, புழு அண்டாது என்பதற்காக. ஈ உட்காராது என்று நம்பி நீலப் பச்சை வண்ணம். அந்த அம்மா வேலையைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார்.

நமக்கு வந்து சேர்ந்தது அதன் நேர்க்கோடு மட்டும்தான். முக்காலி எங்கே? கழிவு இழுப்பறை எங்கே? அரிவாள்மனையில் உட்கார்ந்து நறுக்கிப் பழகிய ஊருக்கு அந்த முக்காலி வந்திருக்க வேண்டும், வரவில்லை. உத்தங்குடி வீட்டில் மகளின் மாமியார் இப்போது காயை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்துதான் நறுக்குகிறார். மேடையின் கடைசி இரண்டடிக்குக் கீழே அலமாரி வைக்காமல் காலியாக விட்டிருந்தால் அவர் நாற்காலி போட்டு மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

8 ஜூலை 2025

கைப்பிடி இல்லாத கதவுகள் பற்றி: கதவின் மேல் ஓரத்தில் அலுமினியப் புரொஃபைல் குழி, அதில் விரலை விட்டு இழுக்க வேண்டும். கோடு சுத்தமாக இருக்கிறது, சேலை மாட்டுவதில்லை, குழந்தை தலையில் இடிப்பதில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மாவு பிசைந்த கையோடு திறந்தால் குழிக்குள் மாவு சேரும், சேர்ந்த இடத்துக்குக் கரப்பான் வரும். வாரம் ஒரு தடவை பழைய டூத் பிரஷ் போதும். அடிக்கடி திறக்கிற அரிசி, பருப்பு இழுப்பறைகளுக்கு மட்டும் சாதாரண ஸ்டீல் கைப்பிடி வைத்துக்கொள்ளலாம்.

20 ஜூலை 2025

ஆடி பிறந்தாயிற்று. ஜன்னலைப் பற்றி இப்போதுதான் சரியாக எழுத முடியும்.

அடுப்படி அக்னி மூலையில், தென்கிழக்கில். கிழக்குப் பார்த்துச் சமைக்கிற மாதிரி அடுப்பு. அடுப்புக்கு நேர் பின்னால் நாலடி அகலத்துக்கு ஜன்னல், வெளியே வேப்பமரம். வைகாசியில் அந்த இடத்தில் நின்று சமைத்தபோது எனக்கு வேறெங்கும் போகத் தோன்றவில்லை. அவ்வளவு வெளிச்சம்.

இப்போது மேல்காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில் அடுப்புச் சுடர் என்ன பாடுபடும்? காற்று மேற்கு வாசல் வழியாக நுழைந்து, ஹாலைத் தாண்டி, அடுப்புக்கு மேலே பாய்ந்து கிழக்கு ஜன்னலால் வெளியேறுகிறது. சின்ன பர்னர் சிம்மில் இருந்தால் அணைந்துவிடுகிறது. பெரியது சாய்ந்து எரிகிறது, சட்டியின் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் வேகாமல் நிற்கிறது. சிம்னி போட்டாலும் புகை அதற்குப் போகாமல் குறுக்கே ஓடுகிறது.

அக்னி மூலை தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. மேல்காற்றுக் காலத்தில் புகையும் தாளிப்பு நெடியும் வீட்டுக்குள் திரும்பாமல் கிழக்கே போய்விடுகிறது, பெரியவர்கள் அந்த மூலையைப் பிடித்ததில் காரணம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று எதிர்ப்பக்கமாக வரும்போது மிளகாய் நெடி ஹாலுக்கு வரும். அப்போதைக்குத்தான் சிம்னி. இந்த வீட்டுச் சிம்னிக் குழாய் ஒரே ஒரு வளைவோடு நேராக வெளிச்சுவரைத் துளைத்துப் போகிறது. குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு இழுப்பு. அதைச் செய்தவர் தொழில் தெரிந்தவர்.

ஜன்னலுக்கு வைத்தியம்: கீழே ஓரடிக்கு அசையாத கண்ணாடி, அதற்கு மேலே திறக்கிற கதவு. சுடருக்குக் காற்று படாது, ஆவி போக வழியும் இருக்கும். வேப்பமரமும் தெரியும். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் கீழ்ப்பாதிக்கு ஒரு கண்ணாடித் துண்டை நிறுத்திக்கொள்ளலாம்.

27 ஜூலை 2025

குவார்ட்ஸ் மேடை போடலாமா என்று கேட்டிருப்பவருக்கு. அது குவார்ட்ஸ் தூளைப் பிசினில் கெட்டித்த செயற்கைக் கல். கறை எளிதில் பிடிக்காது, வெள்ளை வெளேரென்று கிடைக்கும். ஆனால் பிசின் சூடு தாங்காது. அடுப்பிலிருந்து இறக்கிய கடாயை நேராக வைத்தால் மங்கும், சில சமயம் வெடிக்கும். பிரிமணை தேடிக்கொண்டு நிற்கிற பழக்கம் நமக்கு அவசரத்தில் வராது. கிரானைட் இதைக் கண்டுகொள்ளவே செய்யாது.

அதைவிடப் பெரிய காரணம் அறுக்கிறவர்கள். இந்தக் கல்லில் சிலிக்கா 90 விழுக்காட்டுக்கு மேலும் இருக்கும். உலர அறுத்தால் தூள் நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் என்கிற நுரையீரல் நோய் வரும். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, அளவு இதைவிடக் குறைவு. எந்தக் கல்லானாலும் உங்கள் வாசலில் வைத்து அறுக்கும்போது தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு நிற்கிற பையனுக்கு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். மேடைக்குச் செலவழிப்பதில் அது எந்த மூலைக்கு?

3 ஆகஸ்ட் 2025

அரிசிச் சிப்பம். 25 கிலோ மூட்டையை வைக்க இந்த அடுப்படியில் இடம் கிடையாது. அது மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. கிரைண்டரும் அப்படித்தான், லாஃப்டில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். இறக்க மருமகன் வர வேண்டும். இதனால் வீட்டில் மாவு அரைப்பது குறைந்து, கடை மாவு வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆட்டுக்கல் போனபோது கிரைண்டர் வந்தது, கிரைண்டருக்கும் இடம் கொடுக்காவிட்டால் என்ன செய்வது? தரையிலிருந்து ஒன்றரை அடியில், பிளக் பாயிண்டோடு, ஒரு கல் திண்டு. அதற்கு அடியில் சிப்பம். மூன்றடி அகலச் சுவர் கிடைத்தால் இரண்டும் முடிந்தது.

10 ஆகஸ்ட் 2025

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, “நீங்களே இத்தனை குறை சொல்கிறீர்கள், அப்போது நான் சொன்னதுதானே சரி?” என்கிறார். இல்லை. அந்த மேடையில் நான் சமைக்கிறேன், மகள் தினமும் சமைக்கிறாள், காடியும் கால் இடமும் சிம்னிக் குழாயும் அன்றாடம் எங்களுக்கு உழைக்கின்றன. அழகும் புழக்கமும் ஒன்றையொன்று விரட்டவில்லை. பெரும்பாலான குறைகள் தண்ணீரும் பாரமும் சேர்கிற இடத்தில்தான் இருக்கின்றன.

பின்னால் ஒர்க் ஏரியா போடுவதும் வெட்கப்படுகிற காரியம் இல்லை. பின்கட்டு என்று நமக்கு இருந்ததுதான். அயிரை மீனை மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசிக் கழுவ, கோழி சுத்தம் பண்ண, அண்டா விளக்க உள்ளே இடம் தேடக் கூடாது. எனக்கு வருத்தம் எதில் என்றால், முன்னாலுள்ள அடுப்படிக்கு இழைத்து இழைத்து வரைந்துவிட்டு, பின்னால் மூன்றடிச் சந்தும் தகரக் கூரையும் போட்டு முடித்துவிடுகிறார்கள். தண்ணீர் ஓட வாட்டம் கூடச் சரியாக இல்லை. அதிக நேரம் ஈரத்தில் கிடக்கிற இடத்துக்கு ஆகக் குறைந்த கவனம்.

24 ஆகஸ்ட் 2025

மகள் பின்பக்கத்தை மாற்றப்போகிறாள். கொத்தனார் வந்து அளந்துவிட்டுப் போனார். சந்தின் மூலையில் நாலுக்கு மூணு அடியில் தாழ்ந்த தொட்டி, சுற்றிலும் ஆறு அங்குலக் கரை, தரையிலிருந்து ஒன்றரை அடியில் உப்புத் தண்ணிக் குழாய், கையெட்டும் தூரத்தில் நல்ல தண்ணிக் குழாய். தொட்டிக்குள் வழுக்காத கல், பாலிஷ் போட்டது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். அண்டாவும் குக்கரும் அங்கே, டம்ளரும் தட்டும் உள்ளே சிங்க்கில். இந்தத் தடவை அளவைச் சொன்னது சாமான் விளக்குகிற அக்காதான். “உக்காந்தா முட்டி இடிக்காத மாதிரி வைங்க” என்று கொத்தனாரிடமே உட்கார்ந்து காட்டினார். ஒரு மணைப்பலகையும் கேட்டிருக்கிறார், ஆசாரி ஜாலிக் கதவோடு சேர்த்துக் கொண்டுவருவார்.

மேலே தகரத்தை எடுத்துவிட்டு ஓடு போட வேண்டும் என்பது என் பிடிவாதம். மத்தியானம் இரண்டு மணிக்குத் தகரத்துக்கு அடியில் யாரும் உட்கார முடியாது. பின்சுவர் எட்டடிதான் இருக்கிறது, ஓட்டுச் சரிவுக்கு உயரம் போதுமா என்பதை ஆசாரி வந்து அளந்து சொல்ல வேண்டும்.